ஜப்தியான பெட்டி

கடைக்காரி வங்கி அட்டையை மூன்றாம் முறையும் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுல காத்துகூட இல்ல" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். போக்தான் ரொட்டியைத் திருப்பி வைத்துவிட்டு, காது சிவக்க வங்கிக்கு ஓடினான்.

கணக்கை முடக்கியது ஜப்தி அதிகாரியாம். பிள்ளைக்குத் தர வேண்டிய ஜீவனாம்சம் மூன்று வருஷப் பாக்கி! நியாயமான பாக்கிதான், அவனே மறுக்க மாட்டான். நார்வேக்கு வேலைக்குப் போனவன் மனைவி லுச்சினாவையும் மகள் நெலாவையும் மூன்று வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் போன ஈஸ்டருக்கே சொந்த ஊரான ராதோமுக்குத் திரும்பிவிட்டானே! அதே வீடு, அதே கட்டில், அதே லுச்சினா. அவன் சம்பளத்தைப் பிடுங்கி இப்போது யாருக்கு அனுப்புகிறார்கள்? அதே லுச்சினாவுக்கு! நடுவில் அதிகாரிக்குக் கட்டணம் வேறு. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஜப்தி அதிகாரி விட்கோவ்ஸ்கா அம்மாள் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வழக்குப் போட்டவங்க கையெழுத்துப் போட்டா நிறுத்திடலாம்."

"மேடம், வழக்குப் போட்டவதான் காலைல எனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தா!"

"அப்ப சுலபமாப் போச்சு. இந்தாங்க படிவம்."

சுலபமாவது! லுச்சினா படிவத்தை நாலாக மடித்து, ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் சொருகினாள்.

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? என் காசு உன்கிட்டதானே வருது!"

"அப்புறம் என்ன குறை? பஸ்ஸுக்கு இருபது ஸ்லோட்டி தரேன், வாங்கிக்கோ."

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"போன தடவையும் நம்பித்தான் அனுப்பினேன். நெலா இன்னும் வாசலைப் பாத்து உக்காந்துதான் சாப்பிடறா, கவனிச்சியா? உன் நார்வே பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கற வரைக்கும் ஜப்தியும் இருக்கும்."

போக்தான் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். பெட்டியைக் குப்பையில் போடலாம். ஆனால் புதுப் பெட்டி வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? அதை லுச்சினாவும் கேட்பாள். மறுநாள் மறுபடி ஜப்தி ஆபீஸில் போய் நின்றான்.

"மேடம், என் பெட்டியையும் ஜப்தி பண்ணுங்க."

அந்த அம்மாள் இப்போது தலையைத் தூக்கினாள். "பண்ணாதீங்கன்னு அழுதவங்களத்தான் பாத்திருக்கேன். என்ன விலைக்குப் போகும்?"

"ஒரு சக்கரம் உடைஞ்சது. விலையை விடுங்க. ஜப்தி சீட்டு ஒட்டிட்டா வீட்டை விட்டு நகத்தக் கூடாதுல்ல?"

"நகத்தினா கேஸு."

"அதான் வேணும் எனக்கு!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாள் வந்தாள். முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள், தும்மினாள், முத்திரைச் சீட்டை ஒட்டி, 'பெட்டி ஒன்று, சக்கரம் பழுது' என்று எழுதினாள். லுச்சினா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். நெலா சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அப்பா இனிமே இதை எடுத்துட்டுப் போக முடியாதா?"

"முடியாது கண்ணு," என்றாள் விட்கோவ்ஸ்கா அம்மாள். "எடுத்தா போலீஸ் வரும்."

லுச்சினா அதிகாரிக்கும் சேர்த்து முட்டை உடைத்தாள். படிவம் மேஜைக் காலுக்கு அடியிலேயே கிடந்தது. போக்தானும் அதைக் கேட்கவில்லை.

நெலா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.