குழாயில் தங்கிய தோட்டா

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் ஓரின் சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து, துப்பாக்கியைக் கழற்ற உட்கார்ந்தான். தெற்கு டகோட்டாவில் காட்டுக்கோழி வேட்டைக்குப் போய் வந்து மூன்று வாரம். அன்றைக்கு இருந்த கோபத்தில் சேறும் பதருமாக அதை உறைக்குள் திணித்தவன், இன்றுதான் கை வைக்கிறான்.

எண்ணெய் வாசனை பட்டதும் வேட்டை நாய் மேபல் ஓடி வந்தாள். வேட்டைக்குக் கிளம்புகிறோம் என்று அவளுக்கு நினைப்பு. மேசைக் காலில் முட்டிக்கொண்டாள், ஆனாலும் வாலை ஆட்டினாள். இப்போது அவளுக்கு ஒரு கண்தான். இன்னொன்றைச் சிதறுகுண்டு கொண்டுபோய்விட்டது.

அது யார் குண்டு என்று ஓரின் ஊருக்கே நிரூபித்துக் காட்டியிருந்தான். மருத்துவர் எடுத்துக் கொடுத்த குண்டுகளைத் ஊர்க்காரர்கள் காலையில் கூடும் தானியக் கிடங்கின் காபி மேசையில் கொட்டி, காந்தத்தை நீட்டினான். ஒட்டிக்கொண்டன. இரும்பு! வாத்தைச் சுட ஈயம் கூடாது என்பது சட்டம். அன்று கூட வேட்டைக்கு வந்த, வாத்துப் பைத்தியமான மெர்லிடம் இருப்பதெல்லாம் இரும்புதான். ஓரின் ஈயத்தைத் தவிர வேறு வாங்கியதே இல்லை. மெர்ல் தன் மனைவி லவோனின் அண்ணன் என்றுகூட ஓரின் பார்க்கவில்லை. "கண்ணு தெரியாதவனுக்குத் துப்பாக்கி ஒரு கேடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போன மெர்ல் அப்புறம் அந்த மேசைப் பக்கமே வரவில்லை.

சுடும் அறை காலிதானா என்று விரலை விட்டுப் பார்த்தான். மூடியைத் திருகிக் குழலை உருவினான். இரண்டு ஊசிகளைத் தட்டி விசைப் பகுதியை இறக்கினான். தோட்டாக்களை அடுக்கும் அடிக்குழாயின் சுருள்வில் துருவிலும் சேற்றிலும் சிக்கிக் கிடந்தது. பக்கத் தாழை அழுத்திக்கொண்டு குழாயைத் தட்டினான். ஒரு தோட்டா வழுக்கி உள்ளங்கையில் விழுந்தது.

மூன்று வாரமாக வீட்டில் தோட்டாவோடு ஒரு துப்பாக்கி! லவோன் பார்த்துவிட்டாளோ என்று திரும்பினான். அதற்குப் பிறகுதான் நிறம் கண்ணில் பட்டது. நீலம். மேலே வாத்துப் படம்.

அன்று கடைசி வயலில் அவனுடைய தோட்டாப் பை காலியானபோது, "இந்தா மாப்ளே, இதப் போட்டுக்கோ" என்று மெர்ல் நாலு தோட்டாவைக் கையில் திணித்தான். அதே வயலில்தான் மேபலுக்கு அடிபட்டது. ஓரினுக்கு முகம் எரிந்தது.

தொலைபேசியை எடுத்தான்.

"மச்சான், நாந்தான்."

"சொல்லு."

"துப்பாக்கியக் கழட்டினேன். நீ குடுத்ததுல ஒண்ணு உள்ளயே மாட்டிக் கெடந்துச்சு."

"அப்ப மூணுதான் சுட்டியா? நாலும் போயிருச்சுன்னு நெனச்சேன். அந்த வயல்ல நான் சுடவே இல்ல மாப்ளே."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? அங்கயே என் மூஞ்சில காறித் துப்பியிருக்கலாமே!"

"அந்த நாய் தெனமும் உன் மூஞ்சிலதான முழிக்கணும். என் மூஞ்சில இல்லையே."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது ஓரினுக்கு. "நாளைக்குக் காலைல காபிக்கு வா. எல்லார் முன்னாலயும் நானே சொல்லிடறேன்."

"வர்றேன். அந்தக் காந்தத்த மட்டும் வீட்ல வச்சுட்டு வா."

மேபல் வந்து அவன் முழங்காலில் தலையைச் சாய்த்து, மீதமிருந்த கண்ணால் அண்ணாந்து பார்த்தாள். ஓரின் குனியவில்லை. துண்டின் மேல் கிடந்த பாகங்களையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.