நாலாவது பொருள்: அவகாசம் தருதல்

பழைய ஸ்காட்ஸ் மொழியில் 'தோல்' என்றொரு வினை உண்டு. நம் உடம்புத் தோலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்த ஒற்றைச் சொல்லோடு கிரிசல் ட்வீடி பதினோரு மாதமாக மாரடித்துக்கொண்டிருந்தாள். எடின்பரோவில் அகராதி அலுவலகத்தின் மாடியில், அவள் மேசை கொள்ளாமல் சான்றுச் சீட்டுகள், பழைய ஏடுகளில் அந்தச் சொல் வரும் வாக்கியங்களை எடுத்தெழுதியவை. துன்பப்படுதல், விசாரணைக்கு உட்படுதல், அனுமதித்தல் என மூன்று பொருளுக்கும் கட்டுக்கட்டாக இருந்தன. நாலாவது பொருள், அவகாசம் தருதல். அதற்கு ஒரே ஒரு சீட்டு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவளே எழுதியது. ஊரைவிட்டுத் துரத்தப்படவிருந்த ஜோனெட் என்ற விதவை, 1587இல் நகர நீதிமன்றத்தில் கேட்டாள்: "பிள்ளை பிறக்கும்வரை என்னைப் பொறுத்தருளுங்கள்." அந்தப் 'பொறுத்தல்'தான் மூலத்தில் 'தோல்'.

"ஒத்தைச் சான்று செல்லாது, உங்களுக்குத் தெரியாததா?" என்றார் தலைமை ஆசிரியர் இம்ரி. "அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது. இன்னொண்ணு கெடைக்கலேன்னா நாலாவதை அடிச்சிடுங்க."

"அடிச்சா அந்தப் பொம்பளைக்கு வேற எந்தப் புத்தகத்துலயும் எடமில்ல."

"நாம அகராதி போடறோம் கிரிசல், அன்னதானம் போடல."

முழங்கால் வலியோடு, மழையில் நனைந்துகொண்டே ஆவணக் காப்பகத்துக்கு நடந்தாள்.

"மறுபடியும் அதே சொல்லா?" என்றான் அங்கே பதிவேடு எடுத்துத்தரும் ராபி. "கட்டின புருஷன்கூடக்கூட இத்தனை நாள் யாரும் குடித்தனம் பண்ணமாட்டாங்க, மேடம்."

"பேச்சைக் குறைச்சுட்டு 1587ஐ எடுப்பா."

பொருள் விளங்கியதும் வாக்கியத்தை நறுக்கிக்கொண்டு அடுத்த சொல்லுக்கு ஓடுவதுதான் இந்த வேலையில் வழக்கம். நின்று கதை படித்தால் ஆயுசுக்கும் முடியாது. அந்தச் சீட்டை எழுதிய அன்று அவளும் அப்படித்தான் ஓடியிருந்தாள். ஜோனெட்டுக்குப் பெண் குழந்தை பிறந்தது, பனி உருகிய பிறகுதான் ஊரைவிட்டுப் போனாள் என்று இத்தனை வருஷமாகத் தானாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதே பக்கத்தில், அடுத்த வரியில், நீதிமன்றத்தின் பதில் இருந்தது. "ஒரு நாள்கூடப் பொறுப்பதற்கில்லை. நாளைக் காலை ஊர்வாசலுக்கு வெளியே விடுக."

அதே வினை, அதே பொருள். தேடி வந்த இரண்டாவது சான்று. அடப்பாவிகளா என்று முனகினாள். பிறகு புதுச் சீட்டெடுத்து ஒரு எழுத்து விடாமல் எழுதினாள்.

ஐந்தாகப் பத்து நிமிஷம். இம்ரி சீட்டைப் படித்தார், முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டாவது சான்று வந்தாச்சே. நாலாவது பொருள் பிழைச்சுது, போங்க."

"ஆமா, பொருள் பிழைச்சுது" என்று சொல்லிவிட்டு, கிரிசல் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.