கடைசி அட்டை

காலை ஆறரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். பால் காய்ச்சினேன். இரண்டு குவளை எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்தேன். எடிட்டிங் கணினி சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் படத்தைத் திரைப்பட விழாவுக்கு அனுப்பியாக வேண்டும்.

என் மனைவியின் மூன்றாவது படம். எப்போதும் அவள் இயக்குவாள், நான் வெட்டி ஒட்டுவேன். அவள் இறந்து பத்தொன்பது நாள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓட்டலில் பாத்திரம் கழுவினாள். ஓய்வு நாளில் யாருடைய படப்பிடிப்பிலாவது கேபிள் சுற்றினாள். அவளே இயக்கிய முதல் படத்தின் முதல் ஷாட்டில், பதற்றத்தில் ‘கட்’ என்பதற்குப் பதில் ‘போதும்’ என்று கத்திவிட்டாள். தமிழ் தெரியாத நடிகை அப்படியே நின்றாள். கேமராவும் நின்றது. அதன்பின் எங்கள் படங்களில் ‘கட்’ கிடையாது. இந்த ஊர்க்காரரான ஒளிப்பதிவாளர் “போடும், போடும்” என்பார்.

“போடும் இல்லய்யா, போதும். முதல்ல உன் நாக்க ஃபோகஸ் பண்ணு” என்பாள்.

ஒன்பதேகாலுக்குத் தயாரிப்பாளர் அழைத்தார். அவரும் நம் ஆள்தான்.

“தம்பி, கடைசி அட்டையச் சேத்துட்டியா?”

அட்டை திரையில் இருந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து. ‘படத்தை முடித்துவிடு: இயக்குநரின் கடைசி வார்த்தைகள்.’

“அவ அப்படிச் சொல்லலண்ணே.”

“சொல்லியிருப்பா. இந்தப் படத்துக்காகத்தான உடம்பக் கவனிக்காம விட்டா? அந்த வரியக் காட்டித்தான் விழாவுல தொடக்க நாள் காட்சி வாங்கியிருக்கேன். இப்ப போய் இல்லன்னு சொன்னா படத்தையே தூக்கிடுவாங்க.”

“நான் பக்கத்துலதான இருந்தேன்.”

“சரி, என்னதான் சொன்னா? நல்லா இருந்தா அதையே போட்டுடலாம்.”

அவர் மூச்சுவிடுவது கேட்டது.

“அவ ஒம்பது வருஷம் அலைஞ்சது இந்த ஒரு நாளுக்குத்தான்டா. கெடுத்துடாத.”

வைத்துவிட்டார்.

பாலில் ஆடை படர்ந்துவிட்டது. பத்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில் அட்டையை நீக்கினேன். அந்த இடத்தில் ஆறு நொடிக் கறுப்பு மட்டும் நின்றது. அனுப்பினேன். உடனே போன் அடித்தது. எடுக்கவில்லை. மேசையில் அதிர்ந்தபடியே அது விளிம்புக்கு நகர்ந்தது.

கடைசி நாள் மருத்துவமனையில் அவள் கழுத்தடியில் தலையணையைப் பிடித்தபடி குனிந்திருந்தேன்.

“கொஞ்சம் இடது… இன்னும்… அய்யோ, என் இடதுடா. ம். போதும்.”