குழாயடிக் குழவி

குடத்த இடுப்புல இடுக்கிக்கிட்டு, முக்காட்டக்கூட இழுத்து விடாம குழாயடிக்கு ஓடுனேன். மாமி மௌத்தாகி செத்த நேரந்தான் ஆச்சு. குளிப்பாட்டணும். வீட்டுல அரக்குடம் தண்ணி இல்ல.

உன்கிட்ட மட்டும் சொல்றேன். மாமி போன அழுகைய விட அந்தப் பயந்தான் எனக்குப் பெருசா இருந்துச்சு. தண்ணி இல்லாம மாமிய எப்படி அனுப்புறது? இந்த ஊர்ல யாருகிட்டப் போயிக் கேக்குறது?

புதுப்பைசா வந்த வருசம் என்னப் பெத்த அத்தாவுக்குத் தோல் பதம்போடுற தோல்ஷாப்புல வேல கெடச்சு, கீரனூர்லருந்து திண்டுக்கல்லுக்கு வந்தோம். கூட அத்தாவோட அக்கா கமர்ஜஹான் மாமியும் வந்துச்சு. எங்கிட்டுத் திரும்புனாலும் கோட்ட இருக்குற அந்த மொட்டப்பாற நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கும். சந்துக்குச் சந்து இரும்ப அரத்தால ராவுற சத்தம். அம்மா பயந்துக்கிட்டு வாசப்படியே தாண்டல. மாமி மொத நாளே தெருவெல்லாம் சுத்திட்டு வந்து, "வீட்டுக்கு வீடு பூட்டு செய்யறாங்க, ஒருத்தரும் கதவப் பூட்டக் காணோமே"ன்னு சிரிச்சுச்சு.

தண்ணிக்குத்தான் இந்த ஊர்ல பஞ்சம். தெருவுக்கே ஒரு குழாய். எப்ப வரும்னு சொல்ல முடியாது. அதனால வரிசைல ஆளு நிக்காது, கல்லுதான் நிக்கும். வீட்டுக்கு ஒரு கல்லு. கலெக்டர் வீட்டுக் கல்லுன்னாலும் முந்த முடியாது. நாங்க வைக்கிற கல்ல மட்டும் பக்கத்து வீட்டு ஜக்கம்மாக்கா காலால ஓரமாத் தள்ளிவிடும். "நேத்து வந்தவுகளுக்கு என்ன அவசரம்"னு வேற கேக்கும்.

மாமி சண்ட போடல. எங்க வீட்டு அம்மிக் குழவியத் தூக்கிட்டுப் போயி வரிசைல வச்சுச்சு.

"ஏனுங்க, இத ஒதச்சுப் பாருங்க"ன்னு எங்க ஊருப் பேச்சுலயே சொல்லுச்சு.

குழாயடியே சிரிச்சுச்சு. ஜக்கம்மாக்கா சிரிக்கல. "அடி ஏனுங்கக்காரி, அப்ப தொவையல எதுலடி அரைப்ப?"

"உங்க வீட்டு அம்மிலதானுங்க."

சொன்ன மாதிரியே தேங்காயும் மொளகாயும் எடுத்துக்கிட்டு அவுக வீட்டுக்கே போச்சு. தெனமும் போகும். தெனமும் ரெண்டு பேரும் ஏசிக்கிட்டேதான் அரைப்பாக. அப்படித்தான் மாமி இந்த ஊர்ல குடியேறுச்சு. எங்களையும் குடி வச்சுச்சு.

மாமி மௌத்தான அன்னைக்குக் குழாய்ல தண்ணி நூலு மாதிரி வந்துக்கிட்டிருந்துச்சு. நான் வரிசையோட கடேசிலருந்து ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே போனேன். செங்கல்லு, ஓட்ட வாளி, ஒடஞ்ச சட்டி. குழவியக் காணோம். முந்தின நாளு நடுவுல கெடந்தத எங்கண்ணால பாத்தேன். மாமி இல்லேன்னதும் தூக்கிப் போட்டுட்டாகன்னு நெனச்சேன்.

"அங்க என்னத்தடி தேடுற? இங்கிட்டு வா."

ஜக்கம்மாக்கா. குழாய்க்கு நேர் கீழ, மொத எடத்துல, குழவி நனைஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. பக்கத்துல நாலஞ்சு குடம் நெறஞ்சு நின்னுச்சு. ஒண்ணுகூட எங்க வீட்டுக் குடமில்ல.

"உங்கம்மா அழுகுற சத்தம் கேட்டுச்சு," அம்புட்டுத்தான் சொல்லுச்சு. அப்புறம் ஒரு குடத்த இடுப்புல ஏத்திக்கிட்டே, "வெந்நி போட வெறகு இருக்கா?"ன்னு கேட்டுச்சு.

பூட்டுப் பட்டறக்காரரு சம்சாரம் புஷ்பமேரியக்கா ஒரு குடத்தத் தூக்குச்சு. குழாயடில நின்ன யாரும் மொனங்கல. எங்க வாசல்ல குடம் எறக்குற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னாடியே மாமிய எடுத்தாச்சு. தெருக்காரவுகளும் தோல்ஷாப்பு ஆளுகளும் மாத்தி மாத்தித் தோள் குடுத்ததுல, கூடப் பொறந்த அத்தாவுக்கே சந்தூக்குப் பெட்டியத் தூக்கச் செத்த நேரந்தான் கெடச்சுச்சு.

ரெண்டு நாளு கழிச்சு மறுபடி குழாயடிக்குப் போனேன். மாமி இல்லாத வீட்டுக் கல்லுக்கு இனி என்ன மரியாதன்னு பயமாத்தான் இருந்துச்சு. குழவி பழையபடி ஜக்கம்மாக்கா செங்கல்லுக்குப் பின்னாடி கெடந்துச்சு. தெருவுக்குப் புதுசா வந்த பொம்பள ஒண்ணு அதக் காலால நகத்தப் பாத்துச்சு.

"அதத் தொடாத," ஜக்கம்மாக்கா திரும்பிக்கூடப் பாக்கல. "அதுக்கு ஆளிருக்கு."

நான் குடத்தக் குழவிக்குப் பக்கத்துல எறக்குனேன்.

"எங்க வீட்டு அம்மி ரெண்டு நாளாக் காஞ்சு கெடக்கு"ன்னுச்சு ஜக்கம்மாக்கா, குழாயவே பாத்துக்கிட்டு.