ஒத்திகைக் கல்யாணம்

திருத்தணியில் மலைமேல் தாலி கட்டிவிட்டுக் கீழே வந்து பந்தி போடுகிறவர்களும் உண்டு, கீழேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு மேலே போய்க் கும்பிட்டு வருகிறவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் மண்டபம் வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் பரந்தாமன் கே.ஜி.கண்டிகை நிலத்தில் பாதியை விற்று, அரக்கோணம் ரோட்டில் ஒரு மண்டபம் கட்டினார். மற்றவர்கள் சாமி பெயரை வைத்தார்கள், பெற்றவள் பெயரை வைத்தார்கள். இவர் ஆளுயர எழுத்தில் 'ஸ்ரீ வரலட்சுமி மகால்' என்று பெண்டாட்டி பெயரை வைத்தார். பத்திரமும் அவள் பெயரில்தான். ஊர் கொஞ்ச நாள் சிரித்துவிட்டு அப்புறம் மறந்துவிட்டது.

அந்த வரலட்சுமிதான் போன வைகாசியிலிருந்து அவரோடு பேசுவதில்லை.

சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. பாத்திரம் உருண்டிருந்தால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்திருக்கும், நாலு பேர் நடுவில் வந்து தீர்த்திருப்பார்கள். இவள் வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். எது சொல்வதானாலும் சமையல் மாஸ்டர் வீராசாமி மூலமாகத்தான்.

"மாஸ்டர், சாப்பாடு ஆறிப்போவுதுன்னு சொல்லு."

இரண்டு முழம் தள்ளி நிற்கும் பரந்தாமன் பக்கம் திரும்பி வீராசாமி, "சாப்பாடு ஆறிப்போவுதாம்" என்பார். அவர், "வரேன்னு சொல்லு மாஸ்டர்" என்பார். வீராசாமி மறுபடி இந்தப் பக்கம் திரும்புவார். கரண்டி பிடிக்க வந்தவனைத் தந்திக்கம்பி ஆக்கிவிட்டார்களே என்று அவருக்கு வருத்தம்.

நடந்தது இதுதான். போன வைகாசியில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்த கையோடு, மேடைக்குப் பின்னால் தொங்கிய திரைத்துணியில் சீரியல் பல்பு வயர் கருகித் தீப்பிடித்துக்கொண்டது. கூட்டம் மொத்தமும் முன்வாசலுக்கு ஓடியது. பெண்ணும் மாப்பிள்ளையும் போட்ட முடிச்சோடு தடுக்கி விழ, யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். வீராசாமியும் அவருடைய ஆட்களும் அண்டா அண்டாவாகத் தண்ணீர் ஊற்றி, தீயணைப்பு வண்டி வருவதற்குள்ளேயே பாதியை அணைத்துவிட்டார்கள். உயிருக்குச் சேதமில்லை. முருகன் காப்பாற்றினான் என்று எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

வரலட்சுமி அப்போது மாடியில், பெண்வீட்டு அறையில் இருந்தாள். முட்டிவலிக்காரி. சுவரைப் பிடித்துப் பிடித்து, புகையில் இருமிக்கொண்டு, தன்னந்தனியாகக் கீழே இறங்கி வந்து எதிர்க்கடை வாசற்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பரந்தாமன் பக்கத்துச் சந்திலிருந்து வந்தார். அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு, வீராசாமியிடம், "எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?" என்று கேட்டார். கிட்ட வரவில்லை. தொட்டுப் பார்க்கவில்லை. உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு வார்த்தை இல்லை. 'உங்க வூட்டுக்காரரு மொதல்லயே வெளியதான் நின்னுகினு இருந்தாரு' என்று பக்கத்தில் நின்றவள் வேறு சொன்னாள்.

கட்டடத்துக்கு வைக்கப் பெயர் ஞாபகம் வந்தது, கட்டடம் எரியும்போது அந்தப் பெயர்க்காரி உள்ளே இருப்பது ஞாபகம் வரவில்லை. வரலட்சுமிக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. அதை அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டு, ஆமாம் மறந்துட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவள் கேட்கவே இல்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல, தீப்பிடித்த பிறகுதான் சட்டமெல்லாம் மண்டபத்துக்குள் வந்தது. கூட்டம் கூடுகிற இடம், ஆபத்தான கட்டடம் என்று எழுதிவிட்டார்கள். தீயணைப்புத் துறைச் சான்று இல்லாமல் இன்சூரன்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லாமல் லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லாமல் ஒரு முகூர்த்தமும் இல்லை. இன்சூரன்ஸ்காரர் வந்து கட்டடத்துக்கு, விருந்தாளிக்கு, சமையல்காரருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பரந்தாமன் மறுபேச்சுப் பேசாமல் எல்லாம் செய்தார். மேடைத் துணிகளைத் தூக்கி எறிந்தார். சிவப்பு சிலிண்டர்களை மாட்டினார். இருட்டிலும் தெரிகிற பச்சை எழுத்தில் 'வெளியே' என்று அம்புக்குறி போட்டார். பின்வாசலில் இருந்த கம்பிக்கதவைப் பெயர்த்துவிட்டு, தள்ளினால் வெளிப்பக்கம் திறக்கிற இரும்புக் கதவு வைத்தார்கள். அந்த ஒரு வேலைக்கு மட்டும் வீராசாமியை நிறுத்திவிட்டு அவர் எங்கேயோ போய்விட்டார்.

வரலட்சுமி எல்லாக் காகிதத்திலும் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. சான்று வந்துவிட்டால் தன் கையெழுத்துக்கு வேலை இல்லை. அம்பத்தூரில் மகள் சுசித்ரா வீட்டுக்குப் போய்விடுவது. பார்த்துவிட்டு வருவதற்கு இல்லை, இருந்துவிடுவதற்கு. பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டாள்.

கடைசியாக மீதி இருந்தது ஒத்திகை. தீயணைப்பு நிலைய அதிகாரி சூர்யபிரகாஷ் சின்ன வயசுக்காரர், ஆனால் கறார். நிஜக் கல்யாணம் மாதிரியே ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், மேளக்காரர் உட்பட எல்லாம் இருக்க வேண்டும், மணி அடித்ததும் எல்லோரும் எப்படி வெளியேறுகிறார்கள் என்று பார்ப்பேன் என்றார். எலுமிச்சை சாதமும் வடையும் உண்டு என்று வீராசாமி தெருவில் சொல்லி வைத்ததில், மண்டபம் காலையிலேயே நிறைந்துவிட்டது. நிஜக் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் நேரத்தோடு வந்ததில்லை.

சூர்யபிரகாஷ் மேடையைப் பார்த்தார். "பொண்ணு மாப்ள எங்க?"

யாருக்கும் புரியவில்லை.

"கூட்டம் எப்படியாச்சும் ஓடிடும். மேடையில இருக்கறவங்கதான் மாட்டிக்குவாங்க. போன வாட்டி முடிச்சோட தடுக்கி விழுந்திருக்காங்க. ரெண்டு பேரு மாலை போட்டுகினு, முடிச்சு போட்டுகினு உக்காருங்க. அவங்க எப்படி வெளிய வராங்கன்னு நான் பாக்கணும்."

விளையாட்டுக்கு என்றாலும் கல்யாணம் ஆகாத பெண்ணை எவன் பக்கத்திலாவது மாலையோடு உட்கார வைக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? கல்யாணம் ஆனவர்களில் பெண்கள்தான் வந்திருந்தார்கள், புருஷன்மார் அநேகமாக எல்லோருமே வேலைக்குப் போயிருந்தார்கள். ஒருத்தர் மட்டும் ஆசையாக எழுந்தார். அவர் மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டார்.

பூக்கடை ஜெயம்மாதான் சொன்னாள். "எங்கயோ தேடிகினு இருக்கீங்களே, மண்டபத்துக்காரங்களே இருக்காங்க. ஜோடிக்கு என்ன கொறச்சல்?"

எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். வரலட்சுமிக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் இது முடிந்தால்தான் சான்று, சான்று வந்தால்தான் அம்பத்தூர். பல்லைக் கடித்துக்கொண்டு மேடை ஏறினாள். ஜெயம்மா மாலையைப் போட்டு, அவள் முந்தானையையும் அவர் மேல்துண்டையும் சேர்த்து, பழக்க தோஷத்தில் மூன்று முடிச்சாகவே இறுக்கிப் போட்டாள்.

பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இத்தனை நெருக்கத்தில் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பரந்தாமன் நேராகப் பார்த்துக்கொண்டே, காலால் ஒரு முக்காலியை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார், முட்டி வலிக்காமல் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தக் கரிசனம் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். காலைத் தூக்கி அதன்மேல் வைத்தும் கொண்டாள்.

மணி அலறியது. அலறியதும், மேளக்காரர் கையில் ஊறிப்போன பழக்கத்தில் கெட்டிமேளத்தைப் பிடித்துக்கொண்டார். ஜெயம்மா இருந்த பூவை அள்ளி மேடைமேல் வீசிவிட்டாள். சூர்யபிரகாஷ் தலையில் அடித்துக்கொண்டு, "நெருப்புங்க, நெருப்பு, வெளிய போங்க" என்று கத்திய பிறகுதான் கூட்டம் கலைந்தது. அதிலும் பாதிப் பேர் பந்தி இருக்கும் பக்கம் போனார்கள்.

பரந்தாமன் எழுந்தார். வரலட்சுமி எழுகிறவரை நின்றார். மேடைப்படியில் அவள் ஒவ்வொரு காலாக இறக்கி வைக்க, அவரும் ஒவ்வொரு காலாக இறங்கினார். முடிச்சு ஒரு தடவைகூட இழுபடவில்லை. பின்வாசல் வரைக்கும் அப்படியே வந்தார்கள்.

கதவுக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார்.

"தள்ளுங்க சார், தள்ளினா தெறந்துக்கும்" என்று பின்னாலிருந்து சூர்யபிரகாஷ் குரல் கொடுத்தார்.

அவர் கையைத் தூக்கினார். கை கதவுவரை போகவில்லை, அந்தரத்திலேயே நின்றது. வேண்டுமென்றே செய்கிறாரோ என்று நினைத்து வரலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரன் முகம்போல இருந்தது. இத்தனை மாதத்து வைராக்கியம் அவளுக்கு அந்த நிமிஷம் ஞாபகம் இல்லை.

"பாவா" என்றாள், கல்யாணமான நாளிலிருந்து புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியே. "இன்னா ஆச்சு பாவா?"

அவளே இரண்டு கையாலும் கதவைத் தள்ளினாள். சந்து வெளிச்சம் முகத்தில் அடித்தது. அவர் இரண்டு அடி வைத்து, சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முடிச்சு இருந்ததால் அவளும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

"அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன்" என்றார். அவளிடம் நேராகத்தான் சொன்னார், மாஸ்டரிடம் இல்லை.

"எங்க?"

"இந்தக் கதவாண்ட. முன்வாசல்ல கூட்டம் வெளிய வந்துகினே இருக்குது, உள்ள நுழைய முடியல. நீ மாடியில இருக்கியேன்னு சந்து வழியா ஓடியாந்தேன். பின்படி ஏறி உன்னக் கூட்டியாந்துடலாம்னு." அவர் மூச்சு வாங்கினார். "கம்பிக்கதவு பூட்டியிருந்தது. நான்தான் பூட்டனேன். முகூர்த்த நேரத்துல பின்னால எவனாச்சும் வந்து நகை நட்டு எடுத்துகினு பூடுவான்னு எப்பவும் பூட்டறதுதானே. சாவி ஆபீஸ் ரூம்ல, உள்ள. கல்ல எடுத்து இடிச்சேன். கத்தினேன். பூட்டு அசையல. தீ அணைஞ்சிடுச்சுன்னு யாரோ சொன்னாங்க. வந்து பாத்தா நீ படியில உக்காந்துகினு இருமற. உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? உள்ள உன்ன வெச்சுப் பூட்டனவன் நான்."

அவர் அழுதார். பெரிய மனுஷன் மாலையும் கழுத்துமாகச் சந்தில் உட்கார்ந்து அழுவதை யார் பார்த்தாலும் சிரிப்பார்கள். வரலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாபகம் வராமல் இல்லை, ஓடிவந்திருக்கிறார், கல்லால் இடித்திருக்கிறார் என்பது ஒரு பக்கம் நெஞ்சை நிறைத்தது. அதை இத்தனை நாள் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறாரே, நானும் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே என்று மறுபக்கம் நெஞ்சு அறுத்தது.

அவளிடமும் ஒன்று இருந்தது. மகளிடம்கூடச் சொல்லாதது.

"நான் மட்டும் இன்னா ஒழுங்கு" என்றாள். "எறங்க முடியாம மேல மாட்டிக்கினு இருந்தேன்னு நெனச்சியா? கீழ தீ தீன்னு கத்தினதுமே எனக்குக் கேட்டுச்சு. அப்பவே எறங்கியிருக்கலாம். எறங்கல."

"ஏன்?"

"நீ வருவன்னு நின்னுகினு இருந்தேன். பொக வந்துச்சு. அப்பவும் நின்னேன். பாவா வரட்டும், வந்து கூட்டிகினு போவட்டும்னு. கண்ணு எரிஞ்சு, மூச்சு முட்டினப்புறம்தான் எறங்கினேன்."

பரந்தாமன் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். "பொகையிலயா நின்ன? பைத்தியமா உனக்கு? நான் வரலன்னா செத்துப் பூடுவியா?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் திட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது.

சூர்யபிரகாஷ் வெளியே வந்தார். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும் சார். கதவாண்டயே நின்னுட்டீங்க. இத நான் பாஸ் பண்ண முடியாது. கூட்டமும் சாப்பாட்டுப் பக்கம் போயிடுச்சு. வர்ற புதன்கிழமை மறுபடியும் வெச்சுக்கலாம்."

பரந்தாமன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "வேற ஜோடி யாரையாச்சும் பாக்கணும் சார். இவ அம்பத்தூரு போறா. எங்க பொண்ணு சொல்லிச்சு. அங்கயே இருக்கப் போறாளாம்."

தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்தே ஒவ்வொரு காகிதத்தையும் அவள் முன்னால் வைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

"போறேன் சார்" என்றாள் வரலட்சுமி அதிகாரியிடம். "பேரனப் பாத்துட்டு செவ்வாக்கெழம வந்துடுவேன். புதன்கெழம வாங்க, நாங்களே உக்காருறோம்."

சூர்யபிரகாஷ் தலையாட்டிவிட்டு, பந்தியில் இருப்பவர்களை விரட்டுவதற்காக உள்ளே போனார்.

அவள் பரந்தாமன் பக்கம் திரும்பினாள். "இதோ பாரு பாவா. இனிமே நெருப்பு கிருப்புன்னா நீ உள்ள வராத. கதவ இடிச்சுகினு நிக்காத. வெளிய வந்து நில்லு. நான் வந்துடுவேன்."

"முட்டி வலிச்சா?"

"வலிச்சாலும். உனக்காக நிக்கமாட்டேன். எறங்கி வந்துடுவேன்."

"நெஜமா?"

"ஆங்."

அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள்.