ஆல்ரிக் வழி தவறவில்லை

காடு தன்னை அறிந்தவனை ஒருநாளும் கைவிடாது. மனிதன் சாலை போடுவதற்கு முன்பே காட்டில் வழி இருந்தது. அந்த வழி சிலருடைய ரத்தத்திலேயே ஓடுகிறது. ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை, காபிக் கோப்பையைக் கொடிபோல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆல்ரிக் இதைத் தன் மகளிடம் சொன்னார். பிற்பகலில் அதே காட்டுக்குள் நின்று, வடக்கு எந்தப் பக்கம் என்று ஓர் எறும்புப் புற்றைப் பார்த்துக் கணித்துக்கொண்டிருந்தார். மரத்துக்குத் தெற்கேதான் எறும்பு புற்று கட்டும் என்பது அவர் கட்சி. இந்தப் புற்றோ இரண்டு மரங்களுக்கு நடுவில் இருந்தது.

ஆல்ரிக் முப்பத்தைந்து வருடம் மாவட்ட நெடுஞ்சாலை அலுவலகத்தில் வழிகாட்டிப் பலகைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஒரு மாவட்டத்துக்கே கை காட்டியவர். அவர் கை காட்டாத ஒரே இடம் இந்தக் காடுதான்.

சாதாரண நாளாக இருந்தால் கவலையில்லை, எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிடலாம். இன்றைக்கு அப்படியில்லை. மகள் டூவா ஸ்டாக்ஹோமிலிருந்து வந்திருக்கிறாள். அவள் வீட்டுப் பக்கத்து முதியோர் குடியிருப்பில் ஓர் அறை காலியாகிறது. போன தடவை வந்தபோது அப்பாவின் மூக்குக்கண்ணாடி ரொட்டி டப்பாவுக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டாள். காபியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று அவர் சாதித்ததையும் பார்த்துவிட்டாள். அம்மா போனபிறகு அப்பாவுக்கு மூளை கலங்குகிறது என்று அவளுக்குச் சந்தேகம். இன்று மாலை, ஆகஸ்ட் வழக்கப்படி வீட்டில் வைக்கும் ஏரி இறால் விருந்து முடிவதற்குள் ஒரு முடிவு எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்: பனிக்காலத்தில் அப்பா இந்தக் காட்டு வீட்டில் தனியாக இருக்கலாமா, கூடாதா.

"போனையாவது எடுத்துட்டுப் போங்கப்பா."

"காளான் பறிக்கப் போறவனுக்குப் போன் எதுக்கு? காளான் என்ன கூப்பிடவா போகுது?"

அப்படிச் சொல்லிவிட்டு, போனை அவள் கண்ணில் படும்படி மேசை நடுவில் வைத்துவிட்டு வந்தார். ஒரு கூடை மஞ்சள் காளானோடு திரும்பினால் போதும், அறைப் பேச்சு அடிபட்டுப் போகும் என்று கணக்கு.

எறும்புகளைக் கைவிட்டு நிமிர்ந்தபோது, மரங்களுக்கு இடையில் ஒரு நீலத் தொப்பி தெரிந்தது. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பெர்யே. அவர் கையிலும் கூடை. ஆல்ரிக் சட்டென்று தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கூடையை மூடினார். அங்கே பெர்யேவும் மழைக்கோட்டால் மூடிக்கொண்டிருந்தார்.

"கிடைச்சுதா?" என்றார் பெர்யே.

"எங்கே! மழையே இல்லையே."

வாரம் முழுக்க மழை கொட்டியிருந்தது. இருவருடைய பூட்ஸும் சேற்றில் முழங்காலளவு நனைந்திருந்தன.

"ஆமாமா. வறட்சி" என்றார் பெர்யே.

இங்கே ஒரு சிக்கல். அந்தப் பக்கத்தில் ஒருவனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். மூலம் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கலாம். ஆனால் கூடையோடு நிற்பவனிடம் எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. அவனுடைய காளான் இடத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம் என்று அர்த்தம். நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்பது இன்னும் மோசம். ஆகவே ஆல்ரிக் கேட்கவில்லை. பெர்யேவும் கேட்கவில்லை.

"வீட்டுக்குத்தான் கிளம்பிட்டீங்களா?" என்றார் ஆல்ரிக்.

"ஆமா. நீங்க?"

"நானும்தான்."

இருவரும் அப்படியே நின்றார்கள். மற்றவர் முதல் அடி வைத்தால் பின்னாலேயே போய்விடலாம் என்று ஆல்ரிக் காத்திருந்தார். பெர்யே ஒரு மரத்தின் உச்சியை ரசித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க முன்னால போங்க."

"சேச்சே, நம்ம சாலைச் சங்கத் தலைவர் நீங்க இருக்கும்போது நான் முன்னால போறதா?" என்றார் பெர்யே.

கடைசியில் இருவரும் தோளோடு தோள் நடந்தார்கள். பாறை வந்தபோது ஆல்ரிக் லேசாக இடப்பக்கம் சாய்ந்தார், பெர்யேவும் சாய்ந்தார். பெர்யே தும்மலுக்காக வலப்பக்கம் திரும்பினார். அதை வழி என்று நினைத்து ஆல்ரிக் திரும்பிவிட்டார். இப்படித் தும்மலை நம்பி ஒரு சதுப்பு நிலத்தைக் கடந்தார்கள்.

பிறகு மான் வேட்டைக்காரர்கள் கட்டிய மர மேடை ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"இது அதே மேடை இல்ல?" என்றார் பெர்யே.

"வேற. அதுக்கு ஏணி இடது பக்கம் இருந்துச்சு."

"நாம அப்ப அந்தப் பக்கமா வந்தோம். அதான் இடது."

ஆல்ரிக்குக்குத் தலை சுற்றியது. இடது எப்போது வலது ஆனது? மேடைக்குக் கீழே ஒரு புகையிலைப் பொடி டப்பாவின் மூடி கிடந்தது.

"என் மூடி மாதிரியே இருக்கு" என்றார் பெர்யே.

"ஊர்ல எல்லாரும் அதே பொடிதான் போடுறாங்க."

பெர்யே தன் சட்டைப் பையைத் துழாவினார். மூடியில்லாத டப்பா ஒன்று வந்தது. கை நிறையப் பொடி.

"யோவ், நிஜமாச் சொல்லு. உனக்கு வழி தெரியுமா, தெரியாதா?" என்றார் பெர்யே.

"என்னய்யா பேச்சு இது? உன் பின்னாலதானே நான் வந்துக்கிட்டிருக்கேன்!"

"என் பின்னாலயா? நான்ல உன் பின்னால வர்றேன்!"

மரியாதை அங்கேயே உதிர்ந்தது. ஆல்ரிக்கின் மனக்கண்ணில் அந்த அறை வந்தது: ஆஸ்பத்திரிபோல் லினோலியத் தரை, சுவரில் பிடிமானக் கம்பி, ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். பதினோரு மணிக்கே மதியச் சாப்பாடு. அவர் வேகமாக நடந்தார். எந்தப் பக்கம் என்பது அப்போது இரண்டாம்பட்சம்.

அப்போதுதான் மரங்களுக்கு அப்பால் ஒரு சுவர் தெரிந்தது.

வீடுதான். பின்பக்கம். பலகைகள் எலும்புபோல் வெளுத்து, சில இடங்களில் பிளந்து, கீழ் வரிசையில் பாசி ஏறியிருந்தது. சுவரை ஒட்டி இடுப்பளவு காஞ்சொறிச் செடி. அதற்குள் ஒரு துருப்பிடித்த அடுப்பு, உடைந்த பீங்கான் தொட்டி, இரண்டு சைக்கிள் சட்டம்.

உயிர் பிழைத்தோம் என்று இருந்தாலும், சங்கத் தலைவருக்கு நெற்றி சுருங்கியது. அந்தக் கிராமச் சாலைச் சங்கத்துக்கு ஆல்ரிக் தலைவரானதிலிருந்து, வீடு என்றால் காவிச் சிவப்பு, மூலைகள் வெள்ளை, அதுவும் பளிச்சென்று இருக்க வேண்டும்.

"கேவலம்" என்றார். "யார் வீடுடா இது?"

"நம்ம ஊர் ஆளாத் தெரியல" என்றார் பெர்யே.

"ஜெர்மன்காரன் எவனாவது வாங்கியிருப்பான். வருஷத்துல ரெண்டு வாரம் வந்து ஏரியில குதிச்சுட்டுப் போயிடுவான். சுவத்தைப் பாரு, சுவத்தை!"

"என் படகுக் கொட்டகைக் கதவு ஒண்ணு கொஞ்சம் வெளுத்ததுக்கு, கூட்டத்துல எழுந்து நின்னு அரை மணி நேரம் பேசினே."

"இவனை நிக்க வெச்சு ஒரு மணி நேரம் பேசுறேன், வா."

காஞ்சொறியை மிதித்துக்கொண்டு ஆல்ரிக் மூலையைச் சுற்றினார். முன்பக்கம் புல்வெளியில் நீள மேசை. ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு, நிலா முகம் வரைந்த காகித விளக்குகளை மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டிருந்தாள். ஆல்ரிக் தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கணும். இந்த வீடு யாரோடது?"

அவள் திரும்பினாள். டூவா.

ஆல்ரிக் குழம்பிப்போனார். ஜெர்மன்காரன் வீட்டில் இவளுக்கு என்ன வேலை?

"டூவா? நீ இங்க என்ன பண்றே?"

டூவாவின் கையிலிருந்து காகித நிலா நழுவியது. அவள் மெதுவாக நடந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையிடம் பேசுவதுபோல், ஒவ்வொரு சொல்லாக, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்:

"அப்பா. இது நம்ம வீடு."

அவர் சுற்றிப் பார்த்தார். கொடிக்கம்பம். கிணற்று மூடி. மேசை நடுவில் அவருடைய போன். காவிச் சிவப்பும் வெள்ளையும் பளிச்சென்று மின்னுகிற முன்சுவர்.

"தெரியும்" என்றார்.

"இப்பதான் யாரோடதுன்னு கேட்டீங்க."

"விளையாட்டுக்கு."

"நான் இங்க என்ன பண்றேன்னும் கேட்டீங்கப்பா." அவள் கண்ணில் நீர் நின்றது. "பரவாயில்ல. திங்கக்கிழமை நான் அந்த அறைக்குப் பணம் கட்டிடறேன். நீங்க உக்காருங்க. தண்ணி கொண்டு வரவா?"

பின்னால் பெர்யே மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தார். ஆல்ரிக்குக்கு வழி இரண்டுதான். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தால் லினோலியத் தரை. சொந்தப் பின்சுவரைப் பார்த்து ஏமாந்ததைச் சொன்னால் பெர்யேவின் காதில் விழும். பெர்யேவின் காதில் விழுந்தால் ஏரியைச் சுற்றி எல்லார் காதிலும் விழும்.

பெர்யேவைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லலாமா என்று யோசித்தார். பெர்யேவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் எங்கும் போவதாக இல்லை.

"டூவா, எனக்கு மூளை கலங்கல" என்றார். "என் கூட வா."

அவளை மூலையைச் சுற்றி அழைத்துப் போனார். காஞ்சொறிக்கு இந்தப் பக்கமே அவள் நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"இது... அம்மா தூக்கிப் போடச் சொன்ன அடுப்பில்ல?"

"ஆமா."

"நீங்க இந்தப் பக்கம் வர்றதே இல்லையா?"

"இங்க கதவும் இல்ல, ஜன்னலும் இல்ல. வந்து என்ன பண்ண?"

"அப்ப உங்களுக்கு மறதி இல்ல. வெறும் சோம்பேறித்தனம்."

"சுத்தச் சோம்பேறித்தனம்" என்றார் ஆல்ரிக், பாராட்டுப் பத்திரம் வாங்கியவர்போல.

டூவா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். அறை வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னாள். பெர்யே சுவரருகே போய், பலகையை நகத்தால் சுரண்டி, நகத்தை உற்றுப் பார்த்தார்.

"தலைவரே, இதுல கடைசியா எப்ப பெயிண்ட் பட்டுது?"

ஆல்ரிக் பதில் சொன்னார். வீடு வாங்கி இருபத்தாறு வருஷம். அந்தச் சுவருக்கு அவர் ஒரு தடவைகூடப் பெயிண்ட் அடித்ததில்லை.