இருபத்தேழு டிகிரி

லூப் புரிந்த அன்று அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. நூலகத்து மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து நேராக வந்தவள், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் மீன் தொட்டிகளுக்கு நடுவே நின்று தங்கைக்குப் பாடம் எடுத்தாள்.

"ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் சொல்லவே வேண்டாம்டி. ஒரு தடவை சொல்லிட்டு, எது வரைக்கும்னு சொல்லிட்டாப் போதும். அதுபாட்டுக்குச் சுத்திச் சுத்திச் செஞ்சுக்கிட்டே இருக்கும். அலுத்துக்காது, முணுமுணுக்காது."

"யாரைச் சொல்றே?" என்றாள் தங்கை, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுக் கண்ணாடியைத் தேய்த்தபடி.

"கம்ப்யூட்டரைச் சொல்றேன். உன்னையா சொல்றேன்?"

இருவரும் சேர்ந்து நடத்துவது ஒரு வண்ண மீன் கடை. அப்பா விட்டுவிட்டுப் போனது. முன்பக்கம் வியாபாரம், அங்கே அக்கா வைத்ததுதான் சட்டம். பின்னறையில் மீன்கள் குஞ்சு பொரிக்கும் தொட்டி. அங்கே தங்கை சொல்வதை அக்காவும் கேட்டாக வேண்டும். அந்தத் தொட்டியில் ஒரு டிஸ்கஸ் ஜோடி இருந்தது. சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமான மீன்கள். பல வருஷமாக முட்டையிடுவதும், இட்டதைத் தாமே தின்று தீர்ப்பதுமாகத் தங்கையின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தன. இந்தத் தடவைதான் குஞ்சுகள் தங்கின. தாய் தகப்பன் உடம்பில் ஊறும் பசையைக் கொறித்துக் கொறித்து அவை வளர்வதைத் தங்கை வேளா வேளைக்குச் சாப்பிடாமல்கூட உட்கார்ந்து பார்ப்பாள்.

அந்தத் தண்ணீர் முப்பது டிகிரியில் இருக்க வேண்டும். சூடு ஏறியதும் தானாக அணைகிற ஹீட்டர்கள் கடை அலமாரியிலேயே வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றை மாட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால், "அதெல்லாம் அரை டிகிரி முன்னே பின்னே ஆயிடும்" என்று தங்கை அவற்றை நம்பமாட்டாள். வெப்பமானியைப் பார்ப்பாள், சுவிட்சைப் போடுவாள், மறுபடி பார்ப்பாள், அணைப்பாள். கடையை விட்டு அப்படி இப்படி நகர முடியாது. அதைப் பார்த்துத்தான் அக்காவுக்கு அந்த யோசனை உதித்தது. உதிக்காமலே இருந்திருக்கலாம்.

"ஒரு நாளாவது நீ நிம்மதியா வெளியே போயிட்டு வா. சூட்டை அளக்குற ஒரு கம்பியைத் தண்ணியில விட்டு, ஹீட்டரை என் கம்ப்யூட்டரோட சேர்த்து நான் லூப்ல போட்டுடறேன். தண்ணி முப்பதுக்குக் கீழே இருக்கிற வரைக்கும் ஓடும், முப்பதைத் தொட்டா அணைஞ்சிடும்."

"நல்லா சோதிச்சுப் பார்த்தியா?"

"வாளித் தண்ணியில வெச்சுப் பார்த்தேன். ஜம்முனு ஓடுது."

ஓடியதைப் பார்த்தாள், உண்மைதான். அணைகிறதா என்று பார்க்கும் வரை அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை.

தங்கை அரைமனதாகத் தலையாட்டினாள். சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க வேண்டும், சாயங்காலம் திரும்பிவிடுவேன் என்று சொல்லி, தண்ணீரை மாற்றிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, "சும்மா சும்மா உள்ளே போய் எட்டிப் பார்க்காதே. பெரிசுங்க மிரண்டா குஞ்சுங்களைத் தின்னுடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்காவும் சொன்ன சொல் தட்டவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டாள். திரையில் ஒரு வரி வந்தது: வெப்பம் 27, ஹீட்டர் ஓடுகிறது. புதுத் தண்ணீர், அதனால் கொஞ்சம் குளிர்ச்சி. சற்று நேரம் கழித்து இன்னொரு வரி: வெப்பம் 27, ஹீட்டர் ஓடுகிறது. பெரிய தொட்டியாயிற்றே, மெதுவாகத்தான் ஏறும் என்று நினைத்துக்கொண்டாள். தான் எழுதிய நிரல் தானாக ஓடுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் பல் டாக்டர் தன் மீன்களுக்குத் தீனி வாங்க வந்தார். "எங்கே உங்க தங்கச்சி? அவ்வளவு கெட்டிக்காரப் பொண்ணு, இந்தக் கடையோடவே இருந்துடப் போறாளா? வேற எண்ணம் எதுவும் இல்லையா?" என்று கேட்டார்.

"அவளுக்கு இந்தக் கடைதான் உலகம் டாக்டர். நான் எப்பவோ கேட்டாச்சு" என்றாள் அக்கா, சில்லறையை எண்ணிக்கொண்டே. திரையில் வெப்பம் இருபத்தேழிலேயே இருந்தது.

வெயில் சாய்ந்தபின் துடைப்பம் எடுக்கப் பின்பக்கம் போனவள், அந்த அறைக் கதவின் கண்ணாடி வேர்த்திருப்பதைப் பார்த்தாள். திறந்ததும் குளியலறைபோல ஆவி முகத்தில் அடித்தது. தொட்டிக்குள் கையை வைத்தவள் சுரீரென்று இழுத்துக்கொண்டாள்.

அந்த ஜோடி பக்கவாட்டில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் அடியில் எள் சிந்தியதுபோலக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. அக்கா ஹீட்டரின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு என்ன செய்வதென்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லாவுக்கு ஓடிவந்து திரையைப் பார்த்தாள். வெப்பம் 27 என்று அது கொஞ்சமும் கூச்சமில்லாமல் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

வகுப்பு ஆசிரியைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எழுதியதை வரிவரியாகப் படித்துக்காட்டினாள். பாதியில் தங்கை உள்ளே வந்ததை அவள் கவனிக்கவில்லை. தங்கை திறந்திருந்த கதவைப் பார்த்தாள், பின்னறைக்குள் போனாள், போன சுவட்டிலேயே திரும்பி வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். ஈரக் கையிலிருந்து புடவையில் தண்ணீர் சொட்டியது.

"சூட்டை அளக்குற வரி லூப்புக்கு உள்ளே எங்கேம்மா இருக்கு?" என்றார் ஆசிரியை.

"மேலேயே இருக்கே மேடம். முதல் வரியிலேயே."

"அதான் விஷயம். மேலே இருந்தா, உள்ளே நுழையுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் அளக்கும். அப்போ வந்த பதிலை வெச்சுக்கிட்டே சுத்திக்கிட்டு இருக்கும். தண்ணி கொதிச்சாலும் அதுக்கு இருபத்தேழுதான். அந்த வரியை உள்ளேயும் போடுங்க, ஒவ்வொரு சுத்துலயும் புதுசா கேக்கணும். ஆரம்பத்துல எல்லாரும் பண்ற தப்புதான்."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் தங்கையைப் பார்த்தாள். தூக்கிவாரிப்போட்டது. திட்டுவாள், கத்துவாள், தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தாள். தங்கையோ சிரித்தாள். அந்தச் சிரிப்பு அக்காவுக்குப் பயமாக இருந்தது.

"நீ எழுதினதுன்னு யாருமே சொல்ல வேண்டாம்க்கா. அப்படியே உன்னை மாதிரியே இருக்கு" என்றாள் தங்கை.

"என்னடி சொல்றே?"

"அப்பா செத்த அன்னைக்கு அழுதுக்கிட்டே கேட்டே, என்கூடக் கடையிலேயே இருந்துடறியான்னு. இருக்கேன்னேன். அன்னைக்கு வேற என்ன சொல்ல முடியும்? அதுக்கப்புறம் ஒரு தடவையாவது கேட்டியா? யார் கேட்டாலும் நீயே பதில் சொல்லிடறே, அவளுக்கு இந்தக் கடைதான் உலகம்னு."

அக்கா கம்ப்யூட்டரை மூடி வைத்தாள்.

"நான் இன்னைக்குச் சிநேகிதியைப் பார்க்கப் போகலை. கடலோரத்துல ஒரு மீன் பண்ணை. குஞ்சு பொரிக்க வைக்குற வேலை. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். ரொம்பப் பிடிச்சுப் போச்சு அவங்களுக்கு. உடனே வந்து சேருங்கன்னாங்க." தங்கையின் குரல் அங்கேதான் உடைந்தது. "குஞ்சுங்களை விட்டுட்டு எப்படிப் போறது? முடியாதுன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். நான் சொல்லிக்கிட்டு இருந்த நேரத்துல இங்கே அதுங்க வெந்துக்கிட்டு இருந்திருக்கு."

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கூடவே பிறந்தவள், ஒரே கூரைக்குக் கீழே தினம் ஒன்றாகச் சாப்பிடுகிறவள். அவள் முகத்தை இத்தனை வருஷமாகத் திரையைப் பார்த்த மாதிரியேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்போ கேக்குறேன்" என்றாள் கடைசியில். கேட்கவே பயமாக இருந்தது. "இங்கே என்கூட இருக்க உனக்கு ஆசையா இருக்கா?"

தங்கை புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இல்லக்கா."

செத்த மீன்களைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது. அக்கா அதைத் துடைக்கவில்லை. கல்லா மேல் கிடந்த போனை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள்.

"பண்ணைக்குப் போடு."

"முடியாதுன்னு சொல்லிட்டேனேக்கா."

"அது மத்தியானம் சொன்ன பதில்" என்றாள் அக்கா. "மறுபடி ஒரு தடவை கேக்கச் சொல்லு."